தளங்கள் ஏன் தேய்கின்றன?

பல்சக்கரங்களும் பட்டைகளும் உழைக்க உழைக்கத் தேயும் என்பதும், தேய்ந்த பாகத்தை மாற்றாவிட்டால் இயந்திரத்தின் வேலைத்தரம் குறையும் என்பதும் யாவரும் அறிந்தவை. மென்பொருளுக்கு அத்தகைய தேய்மானம் கிடையாது. ஒரு நிரலை ஒருவர் இயக்கினாலும் நூறு கோடிப் பேர் இயக்கினாலும் அதில் ஒரு வரிகூட அழிவதில்லை; அதை இயக்கும் கணினிகளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது; அதைச் செப்பனிட ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் நாள்தோறும் உழைக்கின்றனர். அப்படியிருந்தும், பெரிய இணையத் தளங்கள் முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டன என்ற உணர்வு பயனர்களிடையே பரவலாக இருக்கிறது. தேடுபொறியில் ஒரு வீட்டு உபயோகப் பொருளின் பெயரைத் தட்டினால் முதல் திரையை விளம்பரங்கள் அடைத்துக்கொள்கின்றன. அவற்றின் கீழே, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போன்ற 'சிறந்த பத்து' பட்டியல்கள் வரிசைகட்டுகின்றன. உறவினர், நண்பர்களின் செய்தியை அறியத் திறக்கும் சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாதவர்களின் காணொளிகள் ஓடுகின்றன. சந்தாவில் சேர ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருக்க, விலகுவதற்குப் பக்கம் பக்கமாகக் கடக்க வேண்டியிருக்கிறது. தேய்வதற்குப் பாகமே இல்லாத ஒன்று எப்படித் தேய்கிறது என்ற கேள்விக்கான விடை, பொருளியலும் புள்ளியியலும் கணினியியலும் கூடும் இடத்தில் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளும் நீதிமன்ற ஆவணங்களும் அதைப் பெருமளவு தெளிவாக்கியிருக்கின்றன.

காரணத்தைத் தேடுவதற்கு முன், தேய்வு உண்மைதானா என்பதைச் சோதிக்க வேண்டும். பழையதைச் சிறப்பாக நினைவுகொள்வது மனித இயல்பு. தேடுபொறியைப் பொறுத்தவரை அந்த நினைவைச் சரிபார்க்க வழியும் இல்லை. ஒரு தேடலுக்கான முடிவுப் பக்கம் கேட்ட நொடியில் உருவாகி, பார்த்து முடித்ததும் மறைந்துவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் அதே சொற்களுக்கு என்ன விடை வந்தது என்பதற்குப் பெரும்பாலும் சான்று ஏதும் மிஞ்சுவதில்லை. ஆகவே அளக்க விரும்புவோர் முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, விடைகளைச் சேமித்து வைக்க வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தையும் வைமார் நகரிலுள்ள பௌஹவுஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தனர். பொருள்களின் மதிப்புரைகளைத் தேடும் 7,392 கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, கூகுள், பிங், டக்டக்கோ ஆகிய மூன்று தேடுபொறிகளிலும் ஓராண்டுக் காலம் தொடர்ந்து கேட்டு, முடிவுகளை 2024-இல் வெளியிட்டனர்.

அவர்கள் பார்த்தவற்றுள் முக்கியமானது இணைப்புத் தரகு. ஒரு மதிப்புரைப் பக்கத்தில் உள்ள சுட்டியைத் தொட்டுச் சென்று வாசகர் பொருளை வாங்கினால், அந்தப் பக்கத்தை நடத்துபவருக்கு விற்பனையில் ஒரு பங்கு கமிஷனாகக் கிடைக்கும். இந்த ஏற்பாடே இணைப்புத் தரகு எனப்படுகிறது. இணையத்தில் உள்ள மதிப்புரைகளில் சிறு பகுதியே இத்தகைய சுட்டிகளைக் கொண்டது. தேடுபொறிகள் முன்வரிசையில் காட்டிய பக்கங்களிலோ பெரும்பான்மை அவையாகவே இருந்தன. மேல்வரிசைப் பக்கங்கள் சராசரியாகத் தேடுபொறியின் கண்ணில் படுவதற்கென்றே கூடுதலாக ஒப்பனை செய்யப்பட்டவையாகவும், எழுத்துத் தரத்தில் தாழ்ந்தவையாகவும் காணப்பட்டன. கூகுள் தன் தரவரிசை விதிகளைத் திருத்தியபோதெல்லாம் நிலைமை சற்றுச் சீரடைந்தது என்பதையும், அந்தச் சீர் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். ஓராண்டு ஆய்வைக் கொண்டு இருபதாண்டு வரலாற்றை எழுதிவிட முடியாது. மூன்று தேடுபொறிகளும் ஒரே நோயால் பாதிக்கப்பட்டிருப்பது, பழியின் ஒரு பகுதி இணையத்தையே சேரும் என்பதையும் காட்டுகிறது. எனினும் பயனர்களின் புகார் வெறும் மனப்பிரமை அன்று என்பதற்கு இது போதிய சான்று.

தரம் குறைவதற்கு இரு வகைக் காரணங்கள் உண்டு என்பதை இங்கே பிரித்துக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து தளத்தை ஏமாற்ற முயல்வோரின் கைவரிசை முதல் வகை. தளத்தை நடத்தும் நிறுவனம் தானே எடுக்கும் முடிவுகள் இரண்டாம் வகை. முதல் வகை எந்தத் தளத்துக்கும் நேரக்கூடியது. அதற்கெதிரான போராட்டத்துக்கு முடிவில்லை. விளக்கம் தேவைப்படுவது இரண்டாவதற்கே, ஏனெனில் தன் பொருளைத் தானே கெடுத்துக்கொள்ளும் வணிகர் நட்டப்படுவார் என்பதுதான் பொதுவான நம்பிக்கை.

வாரச்சந்தையை எடுத்துக்கொண்டால் இதன் அடிப்படை விளங்கும். புதிதாக ஒரு திடலில் சந்தை கூட்ட நினைக்கும் குத்தகைக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு: கடைகள் இல்லாத சந்தைக்கு வாங்குவோர் வரமாட்டார்கள், வாங்குவோர் வராத சந்தையில் யாரும் கடை போடமாட்டார்கள். ஆகவே தொடக்கத்தில் அவர் சுங்கம் கேட்கமாட்டார். நிழலுக்குப் பந்தலும் குடிக்கத் தண்ணீரும் தம் செலவிலேயே தருவார். இரு தரப்பாரும் வந்து பழகி, சந்தை நிலைபெற்றபின், சுங்கம் மெல்ல ஏறும். வாயிலை ஒட்டிய இடத்துக்குத் தனி விலை வரும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கடைசி மூலையிலும், அதிகம் கொடுத்தவர் முன்வரிசையிலும் அமர்வார்கள். மண்திடலில் நடக்கும் சந்தையில் இது ஓரளவுக்கு மேல் போகாது. பக்கத்து ஊரில் இன்னொரு சந்தை இருக்கும். கடைகளின் வரிசை அனைவர் கண்ணுக்கும் தெரியும். அதை மாற்றுவதானால் அடுத்த வாரம்தான் மாற்ற முடியும். மென்பொருளால் கட்டிய சந்தையிலோ, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையைக் கணப்பொழுதில் அமைக்கலாம். தமக்குக் காட்டப்பட்ட வரிசை பிறருக்குக் காட்டப்பட்டதா என்பதை எவராலும் அறிய முடியாது.

இவ்வாறு இரு தரப்பாரைக் கூட்டி வைத்துப் பிழைக்கும் தொழிலைப் பொருளியலார் இருபக்கச் சந்தை என்கின்றனர். பிரெஞ்சுப் பொருளியலாளர்களான ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் இட்டது. திரோல் 2014-இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய சந்தையில் விலை இரு பக்கமும் சமமாக விழுவதில்லை என்பது அவர்களது ஆய்விலிருந்து தெளிவானது. எந்தப் பக்கத்தார் வந்தால் மறுபக்கத்தாரும் வருவார்களோ, அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தாரிடம் வசூலிப்பதே பெரும்பாலும் ஆதாயம் தரும். தேடுவோர் ஒரு காசும் கொடுக்காமல் தேடுவதும், தேடுவோரின் கண்ணில் படுவதற்காக விளம்பரதாரர்கள் பணம் கொடுப்பதும் இந்தக் கணக்கின் விளைவே.

இந்தக் கணக்கில் உள்ள ஆபத்தைக் கூகுளை நிறுவியவர்களே எடுத்துச் சொன்னார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் தங்கள் தேடுபொறியை அறிமுகப்படுத்திய கட்டுரையின் பிற்சேர்க்கையில், விளம்பர வருவாயை நம்பியிருக்கும் தேடுபொறி தேடுவோரின் தேவையை விட்டு விளம்பரதாரர்களின் பக்கம் சாய்வது இயல்பாகிவிடும் என்று எச்சரித்திருந்தனர். அத்தகைய சாய்வை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், அவர்களது நிறுவனம் சொற்களுக்கேற்ப விளம்பரம் காட்டும் சேவையைத் தொடங்கியது. ஆபத்தை அறிந்திருப்பது அதிலிருந்து காக்கப் போதாது என்பதற்கு இணையத்தின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கனடாவில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோ 2022-இன் இறுதியில் இந்தச் சரிவுக்குக் கொச்சையான ஒரு பெயரைச் சூட்டி, அதன் படிநிலைகளை வகுத்துக் காட்டினார். அந்தப் பெயரை அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் 2023-க்குரிய சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அவர் விவரித்தபடி, தளம் முதலில் பயனர்களுக்கு நன்மை செய்து அவர்களைச் சேர்க்கிறது. அவர்கள் விட்டுப்போக முடியாத நிலை வந்தபின், அவர்களது நலனைக் குறைத்து வணிகர்களுக்குச் சலுகை காட்டுகிறது. வணிகர்களும் சிக்கியபின், இரு தரப்பாரிடமும் சுரண்டியதைத் தன் முதலீட்டாளர்களுக்குத் திருப்பிவிடுகிறது. தமிழில் இதைத் தளத்தேய்வு என்று குறிக்கலாம். அவரது வருணனை கச்சிதமானது. ஆனால் வருணனை விளக்கமாகிவிடாது. பயனர்களால் ஏன் வெளியேற முடியவில்லை, நிறுவனத்துக்குள் இருக்கும் நேர்மையான பொறியாளர்கள் ஏன் தேய்வைத் தடுக்கவில்லை என்ற இரு கேள்விகள் மிச்சம் நிற்கின்றன.

முதல் கேள்விக்கான விடை தொலைபேசிக் காலத்திலேயே உருவானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் 1974-இல், ஒரு தொடர்புச் சேவையால் ஒருவருக்குக் கிடைக்கும் பயன் அதில் வேறு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதைக் கோட்பாடாக எழுதினார். இதற்கு வலைப்பின்னல் விளைவு என்று பெயர். சேர்வதை எளிதாக்கும் இதே விளைவு, விலகுவதை அரிதாக்குகிறது. சேவை பிடிக்காமல் போனாலும், அதில் இருக்கும் மற்றவர்கள் அனைவரும் ஒரே நாளில் தம்முடன் கிளம்பினால் ஒழிய, ஒருவர் தனியாகக் கிளம்புவது இழப்பாகவே முடியும்.

இந்தப் பொறியின் வலிமையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியனார்டோ பர்ஸ்டினும் உடன் ஆய்வாளர்களும் டாலர் கணக்கில் அளந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நான்கு வாரங்களுக்குத் தங்கள் சமூக வலைத்தளக் கணக்கை முடக்கிக்கொள்ள எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டனர். வெறும் கருத்துக் கணிப்பாக இல்லாமல், சொன்ன தொகை உண்மையிலேயே கைமாறக்கூடும் என்ற ஏற்பாட்டுடன் கேட்டனர். மற்ற மாணவர்கள் எல்லாரும் தொடர்ந்து பயன்படுத்தும் நிலையில் தாம் மட்டும் விலகுவதென்றால், சராசரியாக டிக்டாக்குக்கு 59 டாலரும் இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலரும் கேட்டார்கள். தம்மோடு மற்றவர்களின் கணக்குகளும் முடக்கப்படும் என்றாலோ, பணம் கேட்பதற்கு மாறாகத் தாமே பணம் கொடுக்க முன்வந்தார்கள்: டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர். ஒரு சேவையைத் தினமும் பயன்படுத்துவோரில் பலர் அது இல்லாமலே போனால் நல்லது என்று எண்ணுகிறார்கள் என்பதையே இவ்விரு எண்களின் முரண் வெளிப்படுத்துகிறது. மக்கள் பயன்படுத்துகிறார்கள், ஆகவே அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற வழக்கமான வாதத்தை இந்த ஆய்வுக்குப் பின் அப்படியே ஏற்க இயலாது.

தேடுபொறியில் நண்பர் கூட்டத்தின் பிணைப்பு இல்லை. ஆனாலும் வேறு பிணைப்பு உண்டு. புதிய கைப்பேசியை வாங்குவோர் அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் தேடுபொறியை மாற்றுவது அரிது. கூகுள்மீது அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கில், உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் முன்னமைவாக இடம்பெறுவதற்காக அந்நிறுவனம் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தியது வெளிவந்தது. பிறரைவிட மேலான பொருளைத் தயாரிப்பதற்குச் செலவிடுவதைப் போலவே, வாயிலை அடைத்து வைப்பதற்கும் செலவிட முடியும் என்பதற்கு இந்த ஒரு தொகை போதும்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது; தளத்தேய்வின் உண்மையான இயக்கம் அங்கேதான் இருக்கிறது. பெரிய தளங்களில் எந்த மாற்றமும் எவருடைய விருப்பத்தின் பேரிலும் அப்படியே நுழைவதில்லை. பயனர்களில் சிறு பகுதியினரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பழைய வடிவத்தையும் மற்றதற்குப் புதிய வடிவத்தையும் காட்டி, எது மேல் என்று அளந்து பார்க்கிறார்கள். ஏ/பி சோதனை என்று வழங்கும் இது, புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறையின் உடன்பிறப்பு. அறிவியல் முறைப்படி இதில் பழுதில்லை. ஆனால் மருந்துச் சோதனையில் நோயாளி நலமடைந்தாரா என்பது அளக்கப்படுகிறது. தளச் சோதனையில் எதை அளப்பது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது.

மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் நேர்ந்த ஒரு பிழை இதைத் துலக்கமாகக் காட்டிற்று. ரான் கோஹாவியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் அதை விவரித்துள்ளனர். ஒரு சோதனையின்போது நிரலில் இருந்த பிழையால், ஒரு குழுவினருக்கு மிக மோசமான தேடல் முடிவுகள் காட்டப்பட்டன. அளவீடுகளைப் பார்த்தபோது, அக்குழுவில் ஒரு பயனர் கேட்கும் தேடல்களின் எண்ணிக்கை 10 விழுக்காட்டுக்கு மேலும், அவரால் கிடைக்கும் வருவாய் 30 விழுக்காட்டுக்கு மேலும் உயர்ந்திருந்தன. காரணம் எளியது: விடை கிடைக்காதவர்கள் சொற்களை மாற்றி மாற்றித் தேடினார்கள், முடிவுகள் உதவாதபோது விளம்பரங்களைத் தொட்டார்கள். அந்த இரு எண்களையும் வெற்றியின் அடையாளமாகக் கொண்டிருந்தால், தேடுபொறியைக் கெடுப்பதே மேம்பாடு என்ற முடிவுக்கு அந்நிறுவனம் வந்திருக்கும்.

ஆய்வாளர்கள் அப்படி முடிவுசெய்யாததுதான் இந்நிகழ்ச்சியின் சிறப்பு. ஒரு தேவைக்காக வந்து, தேடி, விடைபெற்றுப் போவது வரையிலான தொடரை அமர்வு என்று வரையறுத்தார்கள். ஓர் அமர்வுக்குள் தேடல்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், ஏனெனில் விடை விரைவில் கிடைத்திருக்கிறது. அமர்வுகளின் எண்ணிக்கை கூட வேண்டும், ஏனெனில் திருப்தியடைந்தவர் மீண்டும் வருகிறார். மொத்தத் தேடல்கள் என்ற ஒரே எண்ணுக்குள் இந்த எதிரெதிரான இரண்டும் கலந்துகிடந்ததால்தான் கேடு வளர்ச்சியாகத் தோற்றமளித்தது. எதை எண்ணுவது என்ற முடிவு பொறியியலின் சிறு விவரம்போலத் தோன்றினாலும், ஒரு தளம் எந்தத் திசையில் நகரும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அளவுகோல் சரியாக இருந்தாலும் காலம் ஏமாற்றிவிடக்கூடும். பண்டோரா என்ற அமெரிக்க இணைய வானொலி, 2014-இல் தொடங்கி 21 மாதங்களுக்கு, ஏறத்தாழ 3.5 கோடி நேயர்களை வெவ்வேறு குழுக்களாகப் பிரித்து, மணிக்கு ஒலிக்கும் விளம்பரங்களின் எண்ணிக்கையைக் குழுவுக்குக் குழு மாற்றிப் பார்த்தது. விளம்பரம் கூடக் கூடக் கேட்கும் நேரம் குறைந்தது. சிலர் கேட்பதையே விட்டனர். சிலர் கட்டணம் செலுத்தி விளம்பரமில்லாச் சேவைக்கு மாறினர். இதில் வியப்பு ஏதுமில்லை. வியப்பு, அந்த விளைவு முழுமையாக வெளிப்பட எடுத்துக்கொண்ட காலத்தில் இருந்தது. மணிக்கு ஒரு விளம்பரம் கூடினால் யாரும் அன்றே எழுந்து போவதில்லை. எரிச்சல் மாதக்கணக்கில் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் ஆனபின்னரே முழு இழப்பும் தெரிந்தது. சோதனையை ஒரே மாதத்தில் நிறுத்தியிருந்தால், உண்மையான இழப்பில் மூன்றில் ஒரு பங்கே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான தளச் சோதனைகள் சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகைய சோதனையில் வருவாய் உடனே தெரியும், எரிச்சல் தெரியாது. அதில் தேறிய சிறு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கப்படும்போது, ஒவ்வொன்றும் மேம்பாடு என்று சான்றளிக்கப்பட்டிருக்க, மொத்தம் சீரழிவாக முடிகிறது. தளத்தேய்வுக்குத் தீய நோக்கம் கொண்ட ஒருவர் தேவையில்லை. குறுகிய கால அளவுகோலும் அதை நம்பிப் பதவி உயர்வு தரும் நிறுவனமும் போதும்.

கூகுள் இதை அறியாமல் இருந்ததா என்றால், இல்லை. மற்றவர்களைவிட நன்றாகவே அறிந்திருந்தது. அதன் ஆய்வாளர்கள் ஹென்னிங் ஹோன்ஹோல்டு, டியர்ட்ரே ஓ'பிரையன், டயான் டேங் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, விளம்பரப் பாராமை என்று சொல்லத்தக்க ஒரு நிகழ்வை அளந்தது. தரமற்ற விளம்பரங்களை அடிக்கடி காண்பவர்கள், காலப்போக்கில் விளம்பரங்கள் இருக்கும் பகுதியையே பார்க்காமல் தாண்டக் கற்றுக்கொள்கிறார்கள். இதைப் பிரித்தறிய ஓர் அழகிய உத்தி கையாளப்பட்டது: இரு குழுவினருக்கு நீண்ட காலம் வெவ்வேறு தர விளம்பரங்களைக் காட்டிவிட்டு, பின்னர் இருவருக்கும் ஒரே மாதிரி பக்கத்தைக் காட்டினார்கள். அதன் பின்னும் மிஞ்சும் வேறுபாடு, பக்கத்தில் இல்லாமல் பார்ப்பவரின் பழக்கத்தில் பதிந்தது என்பது உறுதி. இந்த அளவீட்டின் அடிப்படையில் கைப்பேசித் தேடலில் விளம்பரச் சுமை பாதியாகக் குறைக்கப்பட்டது. நெடுங்கால நோக்கில் அது நிறுவனத்துக்கும் ஆதாயமே என்று அக்கட்டுரை கணித்தது.

இதே நிறுவனம் 2020-இல் செய்த இன்னொரு ஆய்வு பொதுவெளிக்கு வந்தது நீதிமன்றத்தின் வழியாக. முன்குறிப்பிட்ட வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5 அன்று, கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் தேடல் வருவாய் குறையாது என்று அந்த 2020 ஆய்வு காட்டியதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எழுத்து விளம்பரங்களின் விலையைச் சிறுசிறு படிகளாக உயர்த்தியும் விளம்பரதாரர்கள் விலகவில்லை என்பதையும் அது பதிவுசெய்தது. ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் தளத்தேய்வின் விதி புலப்படும். தரக்குறைவைக் கண்டறியும் கருவி பயனரின் விலகல் ஒன்றே. பண்டோராவின் நேயர்களுக்கு வேறு வானொலிகள் இருந்ததால், மெதுவாகவேனும், அந்தக் கருவியின் முள் அசைந்தது. அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஒரே நிறுவனத்திடம் குவிந்தபின், போவதற்கு வேறு இடமில்லாதவர்களை வைத்து எவ்வளவு நேர்மையாகச் சோதித்தாலும் முள் அசையாது. வாயில் மூடப்படும்போது அளவுகோலும் குருடாகிவிடுகிறது. அதன்பின் தரம் குறைவது நிறுவனத்தின் கணக்கேடுகளில் பதிவாவதே இல்லை.

வாயிலை மூடும் வேலை நேரடியாக நடப்பதும் உண்டு. அமேசானின் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் முறைக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் 'இலியட்' என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கு குறிப்பிட்டது. நெடிய போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தேர்வுகளைத் தாண்டினால்தான் விலக முடியும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சந்தாப் பொறி உள்ளிட்ட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்துள்ளன.

இவ்விளக்கத்துக்கு எதிரான வாதங்களும் உள்ளன. வரைபடம், மொழிபெயர்ப்பு, குப்பை மின்னஞ்சலை வடிகட்டுதல் போன்றவை இதே காலத்தில், இதே நிறுவனங்களின் கையில், வெகுவாக மேம்பட்டுள்ளன. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாமீது ஏகபோகக் குற்றச்சாட்டில் தொடுக்கப்பட்ட வழக்கில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் 2025 நவம்பரில் அந்நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். டிக்டாக், யூடியூப் போன்றவை கடும் போட்டியாக இருக்கின்றன என்பது அவரது முடிவு. அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 விழுக்காடும், இன்ஸ்டாகிராமில் 7 விழுக்காடும் மட்டுமே நண்பர்களின் பதிவுகளுக்குப் போகின்றன என்ற எண்கள் அத்தீர்ப்பில் உள்ளன. நண்பர்களின் செய்தி அருகியதைத் தேய்வு என்று கொள்வதா, மக்களின் விருப்பம் மாறியதன் விளைவு என்று கொள்வதா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். ஆனால் பர்ஸ்டினின் ஆய்வைப் படித்தபின், செலவிட்ட நேரத்தைக் கொண்டே விருப்பத்தை அளப்பது போதிய சான்றாகாது.

வாயிலைத் திறந்து வைத்தால் அளவுகோலுக்குப் பார்வை திரும்பும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. எண்ணை இழக்க நேரிடும் என்ற அச்சமே அதற்கு முன் பலரைக் கட்டிவைத்திருந்தது. இவ்வாறு விலகும்போது நேரும் இழப்புக்கு மாறுசெலவு என்று பெயர். 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையில், பணம் அனுப்புபவரும் பெறுபவரும் வெவ்வேறு செயலிகளை வைத்திருக்கலாம் என்பதால், வலைப்பின்னலின் பயன் எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் பொதுவில் இருக்கிறது. அப்படியும் இரண்டு செயலிகளே பெரும்பங்கைப் பிடித்துவைத்திருக்கின்றன; திறந்த வாயில் மட்டும் சந்தையைப் பரவலாக்கிவிடாது என்பது உண்மை. ஆயினும் அவற்றுள் ஒன்று நாளை கெட்டுப்போனால், அதிலிருந்து வெளியேறுபவர் எவரது தொடர்பையும் இழக்கமாட்டார். இதே நோக்கில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணியச் சந்தைச் சட்டம், 2024 மார்ச்சு முதல், மிகப் பெரிய செய்தி பரிமாற்றச் சேவைகள் பிற சேவைகளுக்கும் வழிவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கூகுள் வழக்கில் 2025 செப்டம்பரில் வந்த தீர்வாணை, குரோம் உலாவியைப் பிரித்து விற்கும்படி கேட்கவில்லை. போட்டியாளர்களை விலக்கிவைக்கும் பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடைசெய்து, தேடல் தரவுகளில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுடன் பகிரும்படி கட்டளையிட்டது.

அளவீடுகளைத் திறப்பது இதற்கு இணையாகத் தேவைப்படும் மற்றொரு வேலை. அது மிகவும் பின்தங்கியிருக்கிறது. இங்கே விவரித்த சோதனைகளில் பிங்கின் பிழையும், பண்டோராவின் 21 மாதங்களும், விளம்பரப் பாராமையும் உலகுக்குத் தெரிந்தது, அந்நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தாமாக வெளியிட்டதால். 2020-இன் தரக்குறைப்பு ஆய்வு தெரிந்தது, நீதிமன்றம் ஆவணங்களைக் கோரியதால். தேய்வை மிகத் துல்லியமாகக் காட்டும் எண்கள் தளங்களுக்குள்ளேயே இருக்கின்றன; வெளியிலிருப்பவர்கள் ஜெர்மானிய ஆய்வாளர்களைப்போல் ஆயிரக்கணக்கான கேள்விகளைக் கேட்டுச் சேமித்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவின் எண்ணியச் சேவைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, சமூகத்துக்கு நேரும் பரந்த அபாயங்களை ஆராய்வோர் உரிய அனுமதி பெற்று மிகப் பெரிய தளங்களின் உள்தரவுகளைக் கேட்டுப் பெற வழிசெய்கிறது. இந்தியச் சட்டங்களில் அதற்கு நிகரான பிரிவு இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் புகாரின்மீதோ தானாகவோ ஒரு விசாரணையைத் தொடங்கினால்தான், அதுவும் அந்த விசாரணையின் தேவைக்கேற்ப, நிறுவனங்களின் ஏடுகளைப் புரட்டிப் பார்க்க முடியும்.